மைக் செட் அருகே வரவும்

2020ஆம் ஆண்டு மாட்டுப் பொங்கலன்று மாலை நான்கு மணிக்கு எங்கள் ஊர் ஏரிக்கரை மைதானத்தில் இருந்தவர்கள்: நாகேந்திரன் ஆகிய நான், என் தம்பி மகன் ரமணா, மைக் செட் சண்முகம், நடுவர் கோபிகிருஷ்ணன், பக்கத்து நிலத்து மோட்டார் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் கங்கையா, டீ விற்க வந்திருந்த பச்சையம்மாள், திருப்பதியிலிருந்து கேமராவும் கம்ப்யூட்டரும் கொண்டுவந்திருந்த கலைவாணி என்கிற பெண், ஓய்வுபெற்ற வாத்தியார் ரங்கையா. ரங்கையாவுக்குக் காது கேட்காது. ஆக எட்டுப் பேர். இறுதி ஆட்டத்துக்கான இரண்டு அணிகளும் ரோட்டோரம் நின்ற வேன்களில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தன. அவர்களை நான் சேர்க்கவில்லை.

பெயர்களை முதலில் எழுதக் காரணம் உண்டு. அன்று நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அதைக் கேட்டவர்கள் இவர்களுக்குள்தான். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவர்கள் இல்லை.

எங்கள் ஊர் சத்தியவேட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். பொங்கல் கபடிப் போட்டியை 1974இல் என் நைனா, அதாவது என் அப்பா, தொடங்கி வைத்தார். கோப்பை ஊர்க் கமிட்டியுடையது. ஆனால் போட்டியில் நன்றாக ஆடியவன் யார் என்று சொல்வதும், அவன் தோளில் சரிகைக் கரை போட்ட துண்டைப் போர்த்துவதும் எங்கள் வீட்டு உரிமை. எங்கள் வீடு சொன்னதை யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை. ஏனென்றால் எங்கள் வீடு வேண்டியவன் வேண்டாதவன் பார்த்ததில்லை. எங்கள் வரப்பை வெட்டி எங்கள்மேல் கேஸ் போட்ட வீட்டுப் பையனுக்கும் நைனா தன் கையால் துண்டு போர்த்தியிருக்கிறார். அவருக்குப் பிறகு நான் அதே போல் செய்துவந்தேன்.

2011இல் என் மகன் ஹேமநாத் எங்கள் ஊர் அணியின் கேப்டன். இறுதி ஆட்டம் நாயுடுபேட்டை அணியோடு. இரண்டாம் பாதியில் எங்கள் பக்கம் நான்கு பேர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். ஹேமநாத் மூன்று முறை தொடர்ந்து எதிரணிப் பக்கம் பாடிப் போய் அந்த நான்கு பேரையும் உள்ளே கொண்டுவந்தான். கடைசித் தடவை இரண்டு பேர் அவன் காலைப் பிடித்திருந்தபோதே நடுக்கோட்டில் விரலை வைத்தான். ஜனங்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். துண்டை எடுத்துக்கொண்டு நான் நடந்தேன். ஹேமநாத் ஒரு அடி முன்னால் வந்து தலையைச் சற்றுக் குனிந்து நின்றான். நான் அவனைத் தாண்டிப் போய் நாயுடுபேட்டை கோபிகிருஷ்ணன் தோளில் போர்த்தினேன்.

என் மகனுக்கு நானே போர்த்தினால், அதுவரை நைனாவும் நானும் போர்த்திய அத்தனை துண்டுகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும் என்று நினைத்தேன். அதைத்தான் அவனிடமும் சொல்ல இருந்தேன். அவன் கேட்கவில்லை. கேட்காதவனிடம் நானாகப் போய்க் காரணம் சொல்லவில்லை.

அடுத்த மாதமே ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து அங்கேயே அறை எடுத்துக்கொண்டான். இரண்டு வருடம் கழித்து மஸ்கட் போனான். எங்கள் பக்கத்தில் அப்போது வீட்டுக்கு ஒருவர் அப்படிப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் அதைச் சண்டை என்று நினைக்கவில்லை. ஒன்பது வருடமாக அவனும் நானும் பேசவில்லை. என் மனைவி அம்சவேணி, மகள் தேவயானிக்கு இரண்டாவது பிரசவம் என்று திருச்சானூருக்கு மூன்று மாதம் இருக்கப் போனாள். அது ஆறு வருடமாயிற்று. குழந்தைகளைப் பள்ளிக்கு விட ஆள் வேண்டும் என்பது காரணம். ஹேமநாத் தினமும் அவளோடு போனில் முகம் பார்த்துப் பேசுகிறான். நான் அங்கே போயிருக்கும் நாட்களில் அந்த நேரம் வந்தால் போனை எடுத்துக்கொண்டு அவள் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். என்னை மறைக்க அல்ல, என் மரியாதைக்காகத்தான். நான் கூடத்தில் உட்கார்ந்து தினத்தாளைப் படிப்பேன். அவன் சிரிக்கும் சத்தம் கேட்கும்.

ரமணாவும் ஸ்ரீசிட்டியில்தான் வேலை செய்கிறான். அந்த வருடம் கமிட்டிக்கு அவன் செயலாளர். ஊரை விட்டுப் போனவர்கள் எல்லோரும் பார்க்கும்படி ஆட்டத்தை நேரலையாகப் போடப் போகிறோம் என்றான். நல்லது என்றேன். சிறந்த ஆட்டக்காரனைப் பார்க்கிறவர்கள் போனிலேயே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள் என்றான். துண்டு மட்டும் நான்தான் போர்த்த வேண்டும் என்று எல்லோரும் விரும்புகிறார்கள் என்றான். கமிட்டி தீர்மானம் போட்டாகிவிட்டது. தீர்மானத்துக்குக் கட்டுப்படுகிறவன் நான். ஒத்துக்கொண்டேன்.

நேரலை என்றால் என் மனதில் இருந்தது டிவிதான். நாம் காட்டுவோம், அவர்கள் பார்ப்பார்கள், அவ்வளவே. பார்க்கிறவர்கள் அங்கிருந்தே நமக்கு எழுத முடியும் என்று எனக்குத் தெரியாது. ஓட்டு என்பதை நம் ஊர்த் தேர்தல் போல ஏதோ ஒரு எண்ணை அழுத்துவது என்று புரிந்துகொண்டிருந்தேன். யாரும் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று காலை பத்து மணிக்கெல்லாம் போய் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அறுநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். மதியத்துக்குப் பிறகும் அவை காலியாகவே இருந்தன. முதல் ஆட்டங்களுக்கு வந்த சிலரும் சாப்பிடப் போனவர்கள் திரும்பி வரவில்லை. வீட்டில் டிவியிலேயே போனைச் சேர்த்துப் பார்க்கலாம், வெயிலில் எதற்கு என்று சொன்னார்களாம். ஏழாயிரம் பேர் பார்க்கிறார்கள் என்று ரமணா ஓடிவந்து சொன்னான். ஏழாயிரம் பேர் நம் மைதானத்தில் ஒருநாளும் நின்றதில்லை என்பது உண்மைதான். முந்நூறு டீக்குப் பால் கொண்டுவந்திருந்த பச்சையம்மாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏழாயிரம் பேரா? அந்தப் போன்லயே டீ ஊத்தறதுக்கு ஒரு ஓட்டை இருந்தா காட்டு ரமணா. பால் திரிஞ்சிகினு போவுது" என்றாள்.

அவளிடம் நான் நான்கு டீ வாங்கிக் குடித்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

எங்கள் மைதானத்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தாலும் துண்டுச் சீட்டில் பெயரும் ஊரும் எழுதி மைக் செட்டுக்குக் கொடுப்பார்கள். சண்முகம் அதை வாசித்து வருக வருக என்பான். யாரையாவது தேட வேண்டுமானாலும் சீட்டுதான். இன்னார் எங்கிருந்தாலும் மைக் செட் அருகே வரவும், உங்கள் மனைவி காத்திருக்கிறார் என்று வாசிப்பான். சந்தையிலும் திருவிழாவிலும் எங்கள் பக்கத்தில் எல்லா இடத்திலும் இதே வழக்கம்தான். சீட்டில் பெயர் வந்தால் ஆள் வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

அன்றும் சண்முகம் சீட்டுகளை வாசித்துக்கொண்டே இருந்தான். கலைவாணி அவனிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். புத்தூர்க்காரர்கள், நகரிக்காரர்கள், எனக்குப் பழக்கமான பெயர்கள் பல. இவர்கள் எல்லோரும் ரோட்டோரம் புளியமர நிழலில் வண்டிகளில் இருக்கிறார்கள் போலும், இறுதி ஆட்டத்துக்கு வந்து உட்காருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் வந்த பெயர்களைப் பார்த்துத்தான் சீட்டில் எழுதுகிறாள், சண்முகத்துக்கு அந்தச் சின்ன எழுத்து தெரியாததால் அப்படி ஏற்பாடு என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அரையிறுதி முடிந்து இடைவேளை விட்டபோது சண்முகம் ஒரு சீட்டை வாசித்தான்.

"ஹேமநாத் நாகேந்திரன் வந்திருக்காரு. நம்ம ஊர் பழைய கேப்டன் ஹேமநாத் நாகேந்திரன் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்."

நான் எழுந்தேன். எழுந்ததும் அவசரப்படவில்லை. என் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, நாற்காலி வரிசைகளை ஒட்டி நடந்தேன். பொங்கலுக்கு லீவு கிடைத்திருக்கும், அம்சவேணிக்குச் சொல்லாமல் நேராக மைதானத்துக்கு வந்திருப்பான் என்று நினைத்தேன். புளியமரத்தடியில் மூன்று மோட்டார் பைக்குகள் நின்றன, ஆள் இல்லை. முதல் வேனின் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே ஏழு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று முன் தாங்கள் ஆடிய ஆட்டத்தைத்தான் பார்த்தார்கள். ஹேமநாத் இங்கே இருக்கிறானா என்றேன். எந்த ஹேமநாத் என்று கேட்டார்கள். இரண்டாவது வேனிலும் பார்த்தேன். ஏரிக்கரை மேல் ஏறி இரண்டு பக்கமும் பார்த்தேன். கரையில் மாடுகள் கொம்பில் சாயத்தோடு மேய்ந்துகொண்டிருந்தன.

ஒன்பது வருடம் கழித்து வந்தவன் நேரே என்னிடம் வரக் கூச்சப்படுவான். முதலில் கூப்பிட வேண்டியவன் பெரியவன். அந்த ஒரு சமயம் எனக்கு அது சரி என்று பட்டது. திரும்பி வந்து, சண்முகத்தின் மேசையில் கிடந்த காகிதத்தைக் கிழித்து என் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு வாசித்தான்.

"ஹேமநாத் அவர்கள் எங்கிருந்தாலும் மைக் செட் அருகே வரவும். உங்கள் தந்தை காத்திருக்கிறார்."

இரண்டாவது முறையும் வாசிக்கச் சொன்னேன். அதற்குள் ரமணா கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு காதருகே பேசினான்.

"பெரிய நைனா, அண்ணன் மஸ்கட்லதான் கீறாரு. அங்க இருந்து பாத்துகினு வணக்கம் போட்டாரு. அதத்தான் அந்தப் பொண்ணு சீட்டுல எழுதுச்சு. இங்க யாரும் வரல."

அதுவரை சண்முகம் வாசித்த அத்தனை பெயர்களும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. யாருமே வந்திருக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த சீட்டு மட்டும் ஏழாயிரம் பேருக்குப் போய்விட்டது. என் நாற்காலியில் போய் நேராக உட்கார்ந்தேன். கேமரா என் பக்கம் திரும்பியிருந்தது. அதைத் திருப்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்டால் வெட்கப்பட்டதாக ஆகும்.

கொஞ்ச நேரத்தில் கலைவாணி இன்னொரு சீட்டோடு வந்தாள். இந்த முறை சண்முகத்திடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். உங்க பையன் போட்டது சார், அவர் எழுதினபடியே எழுதியிருக்கேன் என்றாள். அதில் இருந்தது இது:

"2011ல நல்லா ஆடனது யாருன்னு மைக்குல சொல்லு நைனா. சொன்னா அடுத்த பொங்கலுக்கு வந்துடறேன்."

நான் அதை இரண்டு முறை படித்தேன். இருபதடி தூரத்தில் கோபிகிருஷ்ணன் விசிலைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தான். அந்த வருடம் துண்டு வாங்கியவன் அவன்தான். இப்போது பள்ளியில் விளையாட்டு ஆசிரியர், எங்கள் போட்டிக்கு நான்கு வருடமாக நடுவர். அவன் எதிரில் சொல்ல வேண்டும். சொன்னால் எங்கள் வீடு ஒருமுறை தெரிந்தே தவறாகப் போர்த்தியது என்று ஆகும். அப்புறம் மற்ற வருடங்களையும் கேட்பார்கள். நைனா போர்த்தியதையும் கேட்பார்கள். சொல்லாவிட்டால் என் மகன் வர மாட்டான். இரண்டையும் நான் எடை போட்டேன். இது நான்கு நிமிடம் பிடித்திருக்கலாம். கூட்டம் நிறைந்திருந்தால் யாராவது ஏதாவது பேசியிருப்பார்கள். அங்கே ஒருவரும் இல்லை, அதனால் எனக்கு முழு நான்கு நிமிடமும் கிடைத்தது.

எழுந்து மேசைப் பக்கம் போனேன். மைக்கை வாங்கக் கையை நீட்டினேன். அந்தக் கணத்தில் ஒலிபெருக்கியில் இருந்த இரைச்சல் நின்றது. மேசை மேல் இருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. மின்சாரம் போயிருந்தது. சண்முகம் மைக்கைத் தட்டிப் பார்த்து, லைன் பூட்ச்சி ஐயா என்றான். மைதானத்துக்கு லைன் இழுத்திருந்தது மோட்டார் கொட்டகையிலிருந்துதான். கங்கையா அதைப் பார்க்க எழுந்தான்.

கேமராவுக்கு பேட்டரி இருக்கும், அது ஓடிக்கொண்டிருக்கும் என்று நான் நினைத்தேன். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. படத்தை வெளியே அனுப்பும் பெட்டிதான் மின்சாரத்தில் ஓடியது. அது எனக்குத் தெரியாது. வாய்க்குள் வந்த வார்த்தையை மின்சாரம் வரும்வரை வைத்திருக்க என்னால் முடியாது என்றும் தோன்றியது. கேமராவைப் பார்த்து, குரலை உயர்த்திச் சொன்னேன்.

"2011இல் நன்றாக ஆடியது என் மகன் ஹேமநாத். அவனுக்குப் போர்த்தாதது என் தவறு."

பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரங்கையா வாத்தியார், ஏமன்னாரு, ஏமன்னாரு என்று, நான் என்ன சொன்னேன் என்பதை ரமணாவிடம் தெலுங்கில் கேட்டார். கோபிகிருஷ்ணன் என்னிடம் நடந்து வந்தான். கோபமாக வருகிறான் என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன்.

"தெரியும் நைனா. அந்தத் துண்ட நான் ஒரு நாளும் மேல போட்டதில்ல. பெட்டியிலதான் கீது" என்றான். பிறகு வேன்களைப் பார்த்து விசில் ஊதினான்.

முக்கால் மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தது. இறுதி ஆட்டம் நடந்தது. ஓட்டில் வந்த பெயரைச் சண்முகம் வாசித்தான். நான் போர்த்தினேன். அந்தப் பையன் நன்றாக ஆடியவன்தான், அதில் எனக்குக் குறை இல்லை. நன்றி என்று அவன் சொன்னது கேமராவைப் பார்த்து.

வீட்டுக்கு வந்து போனை முழுக்க சார்ஜ் போட்டேன். ஹேமநாத் கேட்டிருப்பான் என்ற எண்ணத்தில் இருந்தேன். மறுநாள் குளிக்கப் போகும்போதும் போனைக் கிணற்றடிக்கு எடுத்துப் போனேன். அடுத்த பொங்கலுக்கு எந்த அறையை ஒழிப்பது என்று பார்த்து, தெற்கு அறையில் இருந்த வேர்க்கடலை மூட்டைகளை ஆள் வைத்து மாற்றினேன். மூன்றாம் நாளும் அழைப்பு வரவில்லை. நான்காம் நாள் பஸ் ஏறித் திருப்பதி போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போனேன்.

அம்சவேணி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்காராமல் நின்றாள். தேவயானியின் போனை வாங்கி என்னிடம் நீட்டினாள். முப்பது விநாடிப் படம். நான் சீட்டைப் படிக்கிறேன். எழுந்து நடக்கிறேன். மேசையில் மைக்குக்குப் பக்கத்திலேயே வயர்கள் மொத்தமாகச் செருகிய பலகை இருக்கிறது. என் கை அந்தப் பக்கம் நீள்கிறது. படம் கறுப்பாகிறது. அடியில் மூன்று லட்சம் பேர் பார்த்ததாக இருந்தது. மகன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வயரைப் பிடுங்கிய பெரியவர் என்று யாரோ தலைப்புப் போட்டிருந்தார்கள். சிரிக்கும் பொம்மைகள் நிறைய இருந்தன.

"அவன் பாத்துட்டானா?" என்றேன்.

"அவன்தான் எனக்கு அனுப்பனான்."

நான் நடந்ததைச் சொன்னேன். என்ன வாக்கியம் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அவனிடம் இதைச் சொல் என்றேன்.

"நான் சொல்ல மாட்டேங்க. ஒம்போது வருஷமா இவர் சொன்னது அவன்கிட்ட, அவன் சொன்னது இவர்கிட்டன்னு நான் தூக்கிகினு திரிஞ்சனா? இல்ல. இத மட்டும் நான் சொன்னா, அம்மா சமாதானத்துக்குச் சொல்லுதுன்னு நினைப்பான். நீங்களே போன் போடுங்க."

எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். மாலை பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன்.

எண் என்னிடம் இருக்கிறது. இரண்டு முறை அழைத்தேன். இரண்டு முறையும் மணி அடித்து நின்றது. ஊரில் இருந்து வரும் தெரியாத எண்களை அந்தப் படத்துக்குப் பிறகு அவன் எடுப்பதில்லை என்று தேவயானி சொன்னாள். நிறைய பேர் கேலி செய்யக் கூப்பிட்டார்களாம். இது நைனாவின் எண் என்று அவனுக்குச் செய்தி அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். என் எண்ணை என் மகனுக்கு அறிமுகப்படுத்தி வைக்க ஒரு ஆள் வேண்டும் என்ற நிலைக்கு நான் இன்னும் வரவில்லை.

கலைவாணியின் கேமராவில் அந்தப் பகுதி பதிவாகியிருக்கும் என்று ரமணா திருப்பதிக்குப் போய் விசாரித்தான். நேரலை முடிந்ததும் கார்டை அழித்து, மறுநாள் ஒரு கல்யாணத்துக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். அவள் மிகவும் வருத்தப்பட்டாளாம். கோபிகிருஷ்ணன் தானாகவே தன் போனில், நைனா சொன்னார், நான் கேட்டேன் என்று பேசிப் பதிவு போட்டான். அதை நூற்றுப் பத்துப் பேர் பார்த்தார்கள். அதிலும் சிலர், நாயுடுபேட்டைக்காரனுக்கு மறுபடி ஒரு துண்டு கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

போன பொங்கலுக்கு ஹேமநாத் வரவில்லை. தெற்கு அறை ஒழித்தபடியே இருக்கிறது.

இப்போது ஸ்ரீசிட்டியிலும் சத்தியவேடு பஸ் நிலையத்திலும் என்னைப் பார்த்தால், வயரைப் பிடுங்கியவர் என்கிறார்கள். நான் எந்த வயரையும் பிடுங்கவில்லை. மோட்டார் கொட்டகையில் பீஸ் கட்டை எரிந்தது. கங்கையா அதை மாற்றினான்.